முதற்கடன் கோட்பாடு: ஒரு கொரியக் காதல் தொடரின் முதல் இரண்டு எபிசோடுகளை முன்வைத்து

கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை இரு வகைப்படும். ஒன்று, அழுதுகொண்டே எழுதியவை. மற்றொன்று, அழாமல் எழுதியவை. இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. அந்தக் குறையைக் களையும்பொருட்டு எழுந்ததே இக்கட்டுரை. நம் பல்கலைக்கழகங்கள் பேணிவரும் ஆய்வு நெறியே இங்கும் பின்பற்றப்படுகிறது: தலைப்பில் ‘முன்வைத்து’ என்று ஒரு சொல்லை வைத்துவிட வேண்டும், பிறகு எதையும் முன்வைக்கக் கூடாது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொடர் ‘ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்’. க்வோன் தோ-உன் எழுத, ஜங் ஜி-ஹ்யூன் இயக்க, 2022 பிப்ரவரி 12 முதல் ஏப்ரல் 3 வரை தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் சனி, ஞாயிறுகளில் ஒளிபரப்பாகி, நெட்ஃபிளிக்ஸ் வழியாக மற்ற நாடுகளையும் அழவைத்தது. மொத்தம் 16 எபிசோடு. முதல் வார இறுதியில் வந்த இரண்டு மட்டுமே நம் ஆய்வெல்லை. மீதிப் பதினான்கில் என்ன நடக்கிறது என்று கேட்டால் அது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது என்பதே பதில். ஆய்வெல்லை என்பது ஆய்வாளரின் அடக்கத்தைக் காட்டுகிறது என்று நினைப்பவர்கள் ஏதாவதொரு வாய்மொழித் தேர்வு அறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும். அது புறத்தேர்வாளரைத் தள்ளி நிறுத்தும் முள்வேலி என்பது விளங்கிவிடும்.

கதை எளியது. காலம் 1998, இடம் சியோல். நா ஹீ-தோ பதினெட்டு வயதுப் பள்ளி மாணவி, வாள்வீச்சு வீராங்கனை. நாட்டின் பொருளாதாரம் சரிந்ததில் அவள் பள்ளியின் வாள்வீச்சு அணி கலைக்கப்படுகிறது. உன் கனவைப் பறித்தது நானல்ல, இந்தக் காலம் என்று பயிற்சியாளர் கைவிரிக்கிறார். தான் வியந்து போற்றும் தங்கப் பதக்க வீராங்கனை கோ யு-ரிம் படிக்கும் தேயாங் பள்ளிக்கு மாறியாக வேண்டும் என்று துடிக்கும் ஹீ-தோ, இருக்கிற பள்ளியிலிருந்து தன்னைத் துரத்திவிடுவதற்கு ஏற்ற தகாத காரியங்களைத் தேடித் தேடிச் செய்கிறாள். அதிலும் அவளுக்குத் தேர்ச்சி போதவில்லை. பேக் யி-ஜின் 22 வயதுக்காரன். பணக்கார வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவன். அப்பாவின் நிறுவனம் திவாலாகிக் குடும்பம் சிதறியதில், விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டும் வாடகைக்குக் காமிக்ஸ் கொடுக்கும் கடையில் உட்கார்ந்தும் காலம் தள்ளுகிறான். இவர்கள் இருவரும் சந்திக்கிறார்கள். ‘ஹீரோ செம’, ‘கலர் எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி’, ‘ஹீரோயின் சிரிப்பு ஒன்று போதும்’ என்று சொல்லி முதல் அபிப்பிராயத்தை முடித்துக்கொள்வது உலக வழக்கு. இக்கட்டுரை உலக வழக்கை மறுக்கிறது. இளம்பருவக் காதலைச் சொல்லும் கொரியத் தொடரைப் பற்றிய முதல் அபிப்பிராயம் அழகால் விளைவதன்று, மழையால் விளைவதன்று, பின்னணி இசையால் விளைவதன்று, கடனால் விளைவது. யார் யாருக்கு என்ன தரவேண்டியிருக்கிறது என்பது தெரிந்த நொடியில்தான் பார்ப்பவர் மனம் தொடரில் சம்மணம் போட்டு உட்காருகிறது. இதற்கு முதற்கடன் கோட்பாடு என்று பெயரிடுகிறோம். கோட்பாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி நிரூபித்த மாதிரி.

முதல் அபிப்பிராயம் கொள்வோரை வகைப்படுத்தாமல் மேலே செல்வது முறையன்று. எபிசோடு முழுவதையும் பார்த்துவிட்டுப் பேசுபவர் ஒரு வகை. நடந்ததை அப்படியே சொல்லிவிடுவார் என்பதால் ஆய்வுக்கு இவரால் பயனில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர் அடுத்த வகை. இவருக்கு வாள்வீச்சும் வாசல் பெருக்குவதும் ஒன்றே. போஸ்டரை மட்டும் பார்த்தவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். பார்த்தவர் சொல்லக் கேட்டு, கேட்டதை மறந்து, மறந்ததை உறுதியாகச் சொல்பவர் நான்காம் வகை. இவரைப் பற்றி ‘முதற்பார்வை இலக்கணம்’ என்னும் நூல் விரிவாகப் பேசுகிறது. அந்நூலை இன்னும் யாரும் எழுதவில்லை. எழுதப்படாத நூலை மேற்கோள் காட்டுவதில் ஒரு வசதி, பக்க எண் தவறு என்று எவரும் கடிதம் போட முடியாது. அச்சில் இருக்கும் நூலை வாசிக்காமலே மேற்கோள் காட்டுவதைவிட இது நேர்மையானதும்கூட.

இனிச் சான்றுகள். முதல் எபிசோடில் யி-ஜின் வீசிய பேப்பர் ஹீ-தோ வீட்டு முற்றத்துக்குள் பறந்து வருகிறது. முற்றத்தில், நின்றபடி சிறுநீர் கழிக்கும் சிறுவனின் சிலை ஒன்று இருக்கிறது. பேப்பர் பட்டுச் சிலை உடைகிறது. உடைந்த பாகம் எது என்பதைக் கட்டுரையின் கண்ணியம் கருதிச் சொல்லாமல் விடுகிறோம். சாதாரணப் பார்வையாளர் இங்கே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆய்வாளர் நகர மாட்டார். இச்சிலையின் குலமுதல்வன் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் நிற்கும் மானெக்கன் பிஸ் என்னும் வெண்கலச் சிறுவன். மூத்த ஜெரோம் துகெனுவா என்னும் சிற்பியிடம் 1619-இல் செய்யச் சொன்னது. பலமுறை திருடுபோனதால் இப்போது தெருமுனையில் நிற்பது நகல். அசல், நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பொடியனுக்கு வந்த விருந்தினர்களும் சங்கங்களும் கொடுத்த உடுப்புகள் ஆயிரத்தைத் தாண்டும். பிரஸ்ஸல்ஸில் உடை ஆயிரம், சியோலில் உடைப்பு ஒன்று என்பதைச் சிலேடைப் பிரியர்கள் குறித்துக்கொள்ளலாம், மற்றவர்கள் மன்னிக்கலாம். இன்னும் எழுதப்படாத ‘உடைபொருள் நிகண்டு’, வீசியெறிந்த பேப்பரால் உடைபடுவனவற்றை ஏழாகப் பிரிக்கிறது: பூந்தொட்டி, பால் பாக்கெட், ஜன்னல் கண்ணாடி, நாயின் தூக்கம், பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமை, பேப்பர் போடும் பையனின் வேலை, சிலை. கடைசியில் நிற்பது ‘சிலை’ அன்று, ‘நிலை’ என்றே பாடம் கொள்ளவேண்டும் என்பர் ஒரு சாரார். ஏடெழுதியவர் பிழை என்பர் மற்றொரு சாரார். ஏடே இல்லாததால் இச்சிக்கல் தீரவில்லை. தீராத வரையில் இதன்பேரில் இன்னும் நான்கு பேர் பட்டம் வாங்கலாம்.

சிலை உடைந்ததற்குப் பேப்பரின் கனம் காரணமா, கையின் வேகம் காரணமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஆண்டில் எந்த நிறுவனம் மூடியது, எத்தனை பேருக்கு வேலை போயிற்று என்ற செய்திகளே நிறைந்திருந்தபடியால் பேப்பர் கனத்தது என்பது கனவாதிகள் கொள்கை. விளம்பரம் கொடுக்க ஆளில்லாமல் பேப்பர் இளைத்துப்போயிருக்கும், ஆகவே காற்றுதான் திசைமாற்றியது என்பது காற்றுவாதிகள் கொள்கை. இவ்விரு தரப்பையும் மறுத்து எழுதப்படாத ‘முற்றத்து வழக்கு’ என்னும் மூன்று பாகப் பெருநூலின் எழுதப்படாத இரண்டாம் பாகத்தில், அடிக்குறிப்புக்கு வந்த அடிக்குறிப்பு ஒன்று, முற்றத்தின் நடுவில் இப்படியொரு சிலையை வைத்த வீட்டாரின் ரசனையே முதற்குற்றவாளி என்கிறது. இந்த அடிக்குறிப்பைப் பணம் கட்டினால் பதினைந்து நாளில் வெளியிட்டுவிடும் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று மீண்டும் வெளியிடவிருந்தது. சிறுவன் படத்தை அட்டையில் போடலாமா என்ற விவாதத்தில் ஆசிரியர் குழு இரண்டாகப் பிளந்து, பிளந்த இரு குழுவும் தனித்தனி ஐஎஸ்எஸ்என் எண்ணுக்கு விண்ணப்பித்ததாக, இன்னும் நடக்காத அக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு தெரிவிக்கிறது. நமக்கு வேண்டியது இதில் ஒன்றுதான். கையில் காசில்லாத ஒருவன், முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்கு நட்டம் உண்டாக்கிவிட்டான். பணமாகத் தீர்க்க வழியில்லாத ஒரு பாக்கி பிறந்துவிட்டது. அந்தக் கணமே பார்ப்பவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருகிறார்.

அஃதேல், உடைந்தது ஒரு தோட்டத்துப் பொம்மை. அதைக் கடன் என்று சொல்வது மிகையாகாதோ எனின், அற்றன்று. அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்று பார்க்க வேண்டும். பன்னாட்டு நிதியத்திடம் உதவி கேட்பதாகத் தென்கொரியா 1997 நவம்பர் 21 அன்று அறிவித்தது. டிசம்பர் 3 அன்று ஒப்பந்தம் ஆனது. ஐஎம்எஃப் என்ற மூன்றெழுத்தையே அந்தக் காலத்துக்குப் பெயராகக் கொரியர்கள் வைத்துவிட்டார்கள். 1998 தொடக்கத்தில் நாட்டின் கடனை அடைக்கத் தங்கம் திரட்டும் இயக்கம் நடந்தது. சுமார் 35 லட்சம் பேர் வரிசையில் நின்று சுமார் 227 டன் தங்கம் கொடுத்தார்கள். கல்யாண மோதிரம் கழன்றது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு உறவினர் போடும் குட்டி மோதிரமும் கழன்றது. விரலில் மோதிரம் மிஞ்சாத ஓராண்டில், முற்றத்துச் சிலையின் ஒரு துண்டு விழுவதும் கணக்கில் வரும்.

இன்னொரு தடை எழலாம். பொருளாதார நெருக்கடி கதையின் பின்புலம். பின்புலத்தைக் கோட்பாடாக உயர்த்துவது ஆய்வுப் போலித்தனம் என்று சிலர் கூறுவர். அவர்கள் இரண்டாம் எபிசோடைப் பார்க்காதவர்கள். அதில், யி-ஜினின் அப்பாவால் நொடித்துப்போனவர்கள் அவனைத் தேடி வருகிறார்கள். கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. உங்கள் வேதனையை நினைத்துக்கொண்டே வாழ்வேன், இனி ஒருபோதும் மகிழ்ச்சியாக இருக்க மாட்டேன் என்று அவர்களிடம் சொல்கிறான். நிலம், நகை, வெண்கலப் பானை, பட்டுப்புடவை என்று அடகுக்கடை அலமாரிகள் எத்தனையோ பார்த்திருக்கின்றன. சொந்த மகிழ்ச்சியைத் தூக்கிவைத்துவிட்டு ரசீதுகூட வாங்காமல் வந்தவன் இவன். ஹீ-தோவுக்கு இது தெரியவருகிறது. அப்படியானால் நாம் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும்போது மட்டும், அவர்களுக்குத் தெரியாமல், ரகசியமாக மகிழ்ச்சியாக இருந்துகொள்ளலாம் என்று அவள் ஏற்பாடு சொல்கிறாள். இரவு நேரம், பள்ளி வளாகம். கைகழுவும் குழாய்களை மேல்நோக்கித் திருப்பித் திறந்துவிட, தண்ணீர் பீறிட்டு வளைந்து விழுகிறது. சட்டத்தின் கண்ணால் பார்த்தால் இது அடமானப் பொருளை உரிமையாளரே திருட்டுத்தனமாக எடுத்துப் புழங்கும் குற்றம். தொடரின் முழு வசீகரமும் அந்தக் குற்றத்தில்தான் இருக்கிறது. முதல் எபிசோடில் சிலையிடம் பறித்த நீர் இரண்டாம் எபிசோடில் குழாய் வழியே திரும்பி வந்துவிட்டது, கடன் நீராகவே தீர்ந்தது என்று இவ்விடத்தில் நுட்பம் காண்பாரும் உளர். அவர்கள் மேலும் நுட்பம் காணாமல் தடுத்துவிட்டு நாம் மேலே செல்வோம்.

ஒரே தொடரை வைத்துக் கோட்பாடு கட்டலாமா? கட்டலாம், ஒரே பாட்டை வைத்துச் சமுதாயத்தையே கட்டியவர்கள் நம்மிடம் உண்டு. ஆயினும் துணைச்சான்று இருக்கவே இருக்கிறது. இதே டிவிஎன்னில் 2015 இறுதியில் தொடங்கிய ‘ரிப்ளை 1988’ தொடரில் கதாநாயகி தோக்-சுன் குடும்பம் பாதி தரைக்குக் கீழே புதைந்த வீட்டில் குடியிருக்கிறது. அப்பாவுக்கு வங்கியில் வேலை. இன்னொருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டதில் இந்த நிலை. முதல் எபிசோடில் சாப்பாட்டு நேரம் வருகிறது. ஒரு வீட்டில் செய்ததை அம்மா தட்டில் வைத்துப் பிள்ளையிடம் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறாள். அந்த வீட்டுக்காரி தட்டை வெறுமனே திருப்பாமல் தான் செய்ததை வைத்துத் தருகிறாள். சந்தில் பிள்ளைகள் கையில் தட்டுகளோடு ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள். ஒரே ஒரு பதார்த்தத்தைச் சமைத்தவர்கள் சாப்பிட உட்காரும்போது எல்லோர் மேசையிலும் எல்லாம் இருக்கிறது. வாங்கியதைவிடக் கூடவா குறையவா என்று யாரும் எடைபோடவில்லை. யாரும் பாக்கியை முடிக்கவும் இல்லை. முடித்திருந்தால் மறுநாள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் காரணம் இருந்திருக்காது. 2024-இல் வந்த ‘லவ்லி ரன்னர்’ தொடரில் வாழப் பிடிக்காமல் கிடந்த இம் சோலுக்கு வானொலி நிகழ்ச்சி வழியாகப் பேசி உயிர்ப்பிடிப்பைக் கொடுத்தவன் பாடகன் ர்யூ சுன்-ஜே. அவன் இறந்ததும் அவள் காலத்தில் பின்னோக்கி 2008-க்கு ஓடுகிறாள். அசல் உயிராக இருந்தால் வட்டி காலப்பயணம். நம் ஹீ-தோ அடுத்த பாகம் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கும் ‘ஃபுல் ஹவுஸ்’ காமிக்ஸும் இதற்கு விலக்கன்று. வோன் சூ-யோன் வரைந்த அந்தக் காமிக்ஸ் 2004-இல் பாடகர் ரெய்னும் சோங் ஹே-க்யோவும் நடிக்கத் தொடரானபோது, நண்பர்களே வீட்டை விற்றுவிட்டதால் நடுத்தெருவுக்கு வரும் பெண்தான் அதன் கதாநாயகி.

இப்படிப் பார்த்தால் எந்தத் தொடரையும் கடன் என்று சொல்லிவிடலாமே, எதற்கும் பொருந்துவது எதையும் விளக்காதே என்பது வலுவான தடை. வலுவான தடை என்பதால் நேராகப் பதில் சொல்லாமல் வரலாற்றைச் சொல்கிறோம். தமிழில் அமைப்பியல் புழங்கிய நாள்களில் எந்தக் கவிதையைத் திறந்தாலும் இருமை எதிர்வு இருந்தது. பின்நவீனத்துவம் வந்ததும் அதே கவிதைகள் ஒட்டுமொத்தமாகச் சிதைந்து கிடந்தன. கவிதைகள் மாறவில்லை, ஊருக்கு வந்த புத்தகப் பார்சல் மாறியது. எல்லாவற்றுக்கும் பொருந்துவது கோட்பாட்டின் குறை என்று எந்தத் துறைத்தலைவரும் இதுவரை கருதியதில்லை.

வாள்வீச்சைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். ஹீ-தோ வீசுவது சேபர் என்னும் வாள். இதில் தொட்டதைக் காட்டும் விளக்கு இரண்டு பேருக்கும் ஒன்றாக எரிந்தால், தாக்கும் உரிமை யாருடையது என்று நடுவர் தீர்மானிப்பார். தொட்டது யார் என்பது வழக்கன்று, தொடங்கியது யார் என்பதே வழக்கு. காதலர் சண்டைக்கும் இதுவே விதி. மகளிர் சேபர் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2004 ஏதென்ஸில்தான் என்பதும், தென்கொரியாவுக்கு வாள்வீச்சில் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 2000 சிட்னியில் வாங்கித் தந்தவர் வேறொரு வாள் பிடித்த கிம் யோங்-ஹோ என்பதும், ஆகவே 1998-இல் ஒரு பள்ளிப் பெண்ணின் சேபரைப் பார்த்து நாடே கொண்டாடுவது காலமுரண் என்பதும் நுண்ணாய்வாளர் வாதம். வாதம் சரிதான், அதைச் சொல்லிவிட்டு அவர்கள் ரசிப்பதற்கு எதுவும் மிச்சம் வைப்பதில்லை. இதைவிடப் பெரிய சான்று ஒன்றை அவர்கள் தவறவிட்டார்கள். மகளிர் சேபரில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கொரிய வீராங்கனையின் பெயர் கிம் ஜி-யோன். இத்தொடரில் கோ யு-ரிம்மாக நடித்த போனாவின் சொந்தப் பெயரும் கிம் ஜி-யோன். தற்செயல் என்பீர்கள். மேற்கோள் கிடைக்காத காரணத்துக்குத்தான் ஆய்வுலகில் தற்செயல் என்று பெயர். நம் கோட்பாட்டின்படி இது பெயர்க்கடன்.

வயதும் கொரியாவில் கடனாகத்தான் வந்தது. அந்நாட்டு வழக்கப்படி குழந்தை பிறந்த அன்றே அதற்கு ஒரு வயது. புத்தாண்டு பிறந்தால் எல்லோருக்கும் ஒன்று கூடும். டிசம்பர் 31 அன்று பிறந்த பிள்ளைக்கு மறுநாள் காலை இரண்டு வயது. பிறந்தவுடன் ஓராண்டு முன்பணம் கொடுத்துவிடும் இந்தத் தாராளத்தைச் சட்டம் மாற்றி, 2023 ஜூன் 28 முதல் உலக முறைக்குக் கொண்டுவந்தது. ஐந்து கோடிக்கு மேற்பட்டவர்களிடமிருந்து ஆளுக்கு ஒன்றோ இரண்டோ வயதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தொடரின் தலைப்பில் உள்ள 25, 21 என்ற வயதுகளும் பழைய கணக்கு என்பதால், சட்டம் வந்தபின் தலைப்பையும் திருத்த வேண்டாமா என்ற கேள்வி இயல்பாகவே எழ வேண்டும். எழவில்லை என்பது ஆய்வுலகின் உறக்கத்தைக் காட்டுகிறது. நடிகர்கள் விஷயம் இன்னும் சுவையானது. பதினெட்டு வயதுப் பெண்ணாக நடித்த கிம் தே-ரி 1990 ஏப்ரலில் பிறந்தவர். தொடர் தொடங்கும்போது அவருக்கு 31. அவளைவிட நான்கு வயது மூத்தவனாக நடித்த நாம் ஜூ-ஹ்யோக் பிறந்தது 1994 பிப்ரவரியில். கதையில் பெண் நான்கு வயது இளையவள், வாழ்க்கையில் ஏறத்தாழ நான்கு வயது மூத்தவர். வித்தியாசத்தின் அளவு அப்படியே நிற்க, குறி மட்டும் கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போயிருக்கிறது. முப்பத்தொரு வயதில் ஒருவர் பதினெட்டாக ஓடுவதும் குதிப்பதும் அழும்போது மூக்கைச் சுருக்குவதும் நம்பும்படி இருக்கின்றன என்பதற்கு நம் கோட்பாட்டில் விளக்கம் இல்லை. அது நடிப்பு.

அடுத்தது குடும்பப் பெயர். தொடர் நிகழ்காலத்தில், முகக்கவசம் போட்ட பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்குகிறது. ஹீ-தோவின் மகள் மின்-சே பாலே நடனத்தை விட்டுவிட்டுப் பாட்டி வீட்டுக்கு ஓடிப்போய், அங்கே அம்மாவின் பழைய டைரியைக் கண்டெடுக்கிறாள். அந்தப் பெண்ணின் முழுப் பெயர் கிம் மின்-சே. கொரியாவில் பெண்கள் கல்யாணத்துக்குப் பின்னும் தம் குடும்பப் பெயரையே வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு வழக்கமாக அப்பாவின் பெயர் வரும். நாயகன் பேக். மகள் கிம். உலகெங்கும் ரசிகர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டது இந்த ஓரெழுத்தால்தான். அம்மாவின் குடும்பப் பெயரையும் பிள்ளைக்கு வைக்கலாம் என்று 2008 முதல் சட்டம் இடம் கொடுக்கிறதே எனின், அம்மா நா, கிம் அல்லள். பாட்டியின் பெயரோ எனின், செய்தி வாசிப்பாளரான பாட்டி ஷின் ஜே-க்யோங். ஆக, ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள், ஷின், நா, கிம் என்று மூன்று பெயர்கள். ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் கண்ணில் படாத ஓர் ஆண். கொரியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கிம் என்பதால் இந்தச் சான்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் முடியாது. யார் அல்லர் என்று மட்டும் சொல்லலாம். ‘ரிப்ளை’ வரிசைத் தொடர்கள் கணவன் யார் என்ற புதிரை வைத்துப் பார்ப்பவர்களை இறுதிவரை இழுத்துச் சென்றன. இத்தொடர் பாத்திரப் பட்டியலிலேயே பாதி விடையைச் சொல்லிவிட்டு உட்காரச் சொல்கிறது. தீராத கடன் என்று முதல் நாளே தெரிந்தும் பார்க்கிறோம் என்பதுதான் நம் கோட்பாட்டுக்கு இதுவரை கிடைத்த ஆகச் சிறந்த சான்று.

இனி யாரும் மறுக்க முடியாத ஒன்று. 1998-இல் அவனுக்கு 22, அவளுக்கு 18. தலைப்பு சொல்லும் 25, 21 என்னும் வயதுகளை அவர்கள் எட்டுவது எந்த ஆண்டில்? விரல்விட்டு எண்ணினால் போதும்: 2001. பன்னாட்டு நிதியத்திடம் வாங்கிய கடனைத் தென்கொரியா கெடுவுக்கு முன்பே முழுவதும் அடைத்து முடித்தது எந்த ஆண்டில்? 2001 ஆகஸ்டில். நாட்டின் கணக்கு நேரான அந்த ஆண்டின் வயதுகளைத்தான் தொடர் தன் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதியவர் இதை எண்ணித்தான் வைத்தாரா என்று கேட்பவர்களுக்கு, ஆசிரியர் இறந்துவிட்டார் என்று திறனாய்வாளர்கள் அறிவித்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டதை நினைவூட்டுகிறோம். உயிரோடு இருப்பவரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வது ஆய்வு நெறி ஆகாது. நாடு கடனை அடைத்த ஆண்டில் அவர்கள் இருவர் கணக்கும் நேராயிற்றா என்பதைச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அது இரண்டாம் எபிசோடுக்குப் பிறகு நடப்பது.

தீர்ப்பு: முதல் இரண்டு எபிசோடுகள் அருமை. வசனம் மிகை, வண்ணம் மிகை, இளமையைப் பற்றிய பெருமூச்சும் மிகை. இருந்தும் கிம் தே-ரி வரும் இடங்களில் குறை சொல்ல வாய் வராது. பார்க்க விரும்புவோர் முதலில் ஒளிபரப்பிய முறைப்படியே சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று தொடங்கலாம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மகளின் குடும்பப் பெயரை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.